நாலரை முதல் ஐந்தரை வரை

ஜெலுத்தோங், பினாங்கு
23 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜெகதீஸ்வரிக்கு,

உன் கணவன் தயாளன் எழுதுவது. நான் நலம். தொட்டியில் இருக்கும் ஐந்து மீன்களும் நலம். ஆறு இருந்தனவே என்று கேட்காதே. அங்கே நீயும் நல்லம்மாள் அக்காவும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் சாப்பிட்டாயா, ஜொகூரில் மழையா என்பதோடு நமக்குப் பேச்சு தீர்ந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு நீ முடித்துவிடுகிறாய். எனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகம் இருக்கிறது.

அக்காவின் முட்டி ஆப்பரேஷனுக்கு ஒரு மாதம் துணையாக இருந்துவிட்டு வருகிறேன் என்று செப்டம்பரில் பஸ் ஏறினாய். ஐந்து மாதம் ஆகிவிட்டது. போன வாரம் அக்காவே என்னிடம், பசாருக்கு நடந்துபோய் மீன் வாங்கி வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். சந்தோஷம்தான். அப்படியானால் ஜெகா எப்போது வருவாள் என்று கேட்டேன். அதை அவகிட்டயே கேளுங்க தம்பி என்று போனை வைத்துவிட்டார். தைப்பூசத்துக்காவது வருவாய் என்றிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகத் தண்ணீர்ப் பந்தலில் நான் மட்டும் நின்று மோர் ஊற்றினேன். ஜெகா அக்கா எங்கே அண்ணே என்று கேட்டவர்களுக்கெல்லாம் முட்டி ஆப்பரேஷன் கதையைச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் கடைசி வரை படி.

டிசம்பரில் மோட்டார் சைக்கிளின் பதிவுப் பத்திரத்தை, அந்தக் கிராண்டைத் தேடி அலமாரி மேலே கையை விட்டேன். உன் வயலின் பெட்டி கையில் தட்டுப்பட்டது. இறக்கித் திறந்தேன். வில்லின் முடியைப் பூச்சி தின்றுவிட்டது. வயலின் மட்டும் அப்படியே இருந்தது. கூடவே உன் பாட்டு நோட்டு. சுங்கை பாக்காப்பில் உன் அப்பா வீட்டிலிருந்து நீ கொண்டுவந்த அதே பச்சை அட்டை நோட்டுதான். தேடிய கிராண்டை மறந்துவிட்டு அரைமணி நேரம் அதைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரியில் நான் வயலின் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஆமாம், நான்தான். டீச்சர் பெயர் சாந்தினி. வாரநாளில் வங்கியில் வேலை, சனிக்கிழமை காலையில் டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் வகுப்பு. என் வயதில் பாதிகூட இருக்காது, ஆனால் அவரைப் பார்த்தால் எனக்குப் பயம். கீழே சம்மணம் போட்டு, வலது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்ற வேண்டுமாம். நடுவில் என் தொப்பை இருப்பதை யாரும் யோசிக்கவில்லை. வில்லுக்கு ரோசின் பிசினைத் தேய்க்காமல் இழுத்தால் சத்தமே வராது என்பது முதல் நாள் பாடம். முதல் மூன்று வாரமும் விரலே வைக்காமல் ஸ, ப, ஸ, ப என்று வெறும் தந்தியில் வில்லை இழுத்ததுதான். அங்கிள், போல்ட்டு முடுக்குற மாதிரி வில்லைப் பிடிக்காதீங்க என்று வாரா வாரம் சொல்கிறார். எப்படியோ என் தொழிலைக் கண்டுபிடித்துவிட்டார்.

வகுப்பில் அவருடைய வயலின். வீட்டில் பழக, புது வில் ஒன்று வாங்கி உன்னுடையதை எடுத்தேன். இங்கேதான் தப்பு செய்தேன், ஜெகா.

தந்தியை இழுத்துக்கட்டும் முறுக்காணிகள் நான்கும் இறுகிக் கிடந்தன. திருப்பினால் கிறீச்சென்று கத்தின. பக்கத்து வீட்டு காமாரியா வெளியே வந்து, அண்ணே, உங்க இரும்புக் கேட்டுக்கு எண்ணெய் போடுங்க லா, ரெண்டு நாளா காது போவுது என்றார். இருபத்தேழு வருடம் ஜூருவில் கார், லாரி என்று காடி ரிப்பேர் செய்தவன் நான். கிறீச்சென்றால் எண்ணெய் என்று கை பழகிவிட்டது. முறுக்காணிக்கு மூன்று சொட்டு விட்டேன். அடடா, எவ்வளவு சுலபமாகச் சுற்றுகிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தால் நான்கு தந்திகளும் தொங்குகின்றன. தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை சாய்ந்து விழுந்து கிடக்கிறது. முறுக்கினால் நிற்பதில்லை, வழுக்கி வழுக்கித் திரும்பிவிடுகிறது. மரத்தை மரம் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் தந்தி நிற்கிறது, அந்தப் பிடிப்பில் போய் எண்ணெய் விட்டிருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை. பொருள் உன்னுடையது, முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும். கேட்காமல் எடுத்தது ஒரு தப்பு, எண்ணெய் விட்டது இன்னொரு தப்பு. என்ன செய்யட்டும் என்று ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
தயாளன்


ஜெலுத்தோங், பினாங்கு
6 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெகா,

உன் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொல்லலாமா தெரியவில்லை. அன்புள்ளவும் இல்லை, இப்படிக்கும் இல்லை. எண்ணெயை முதலில் காய்ந்த துணியால் நன்றாகத் துடைக்கவும். முறுக்காணியிலும் ஓட்டையிலும் சாக்பீஸ் தேய்க்கவும். வயலினைத் தரையில் வைக்கவே கூடாது. காலை மடக்க முடியாவிட்டால் நாற்காலியில் உட்காரவும். மொத்தம் நான்கு வரி. அந்த நாலாவது வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வாய்.

துடைத்தேன், இரண்டு நாள் துடைத்தேன். சாக்பீஸ் கிடைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. பள்ளிக்கூடங்களிலேயே இப்போது வெள்ளைப் பலகையாம். லிட்டில் இந்தியாவில் மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் ஹைதர் பாய் கடையின் உள்ளறையில் ஒரு பெட்டி இருந்தது. எல்லாம் ரோஸ் நிறம். பரவாயில்லை என்று அதையே தேய்த்தேன். இப்போது உன் வயலினுக்கு ரோஸ் காது. வகுப்புக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சாந்தினி டீச்சர் சிரித்த சிரிப்பில் வகுப்பே நின்றுவிட்டது. பிறகு குதிரையை நிறுத்தி, தந்திகளை ஏற்றி, சுருதி சேர்த்துக் கொடுத்தார். நிற்கிறது, ஜெகா. மூன்று வாரமாக அசையாமல் நிற்கிறது.

சரளி வரிசை முதல் வரி தொடங்கிவிட்டேன். மற்றவர்களுக்கு விரல் நுனி வலிக்குமாம். என் விரல் ஏற்கெனவே காய்த்துப்போனது, வலிக்கவில்லை. ஆனால் ஒரு விரல் வைத்தால் இரண்டு தந்தியில் உட்கார்ந்துகொள்கிறது. ரி சரியாக விழுந்தால் க எங்கேயோ போகிறது. போன செவ்வாய்க்கிழமை மட்டும் ஸ ரி க ம நான்கும் ஒழுங்காக வந்தன. வீட்டில் யாரும் இல்லை. உன்னைக் கூப்பிடப் பெயர் வாய்வரை வந்துவிட்டது. நோன்புப் பெருநாளுக்குச் செய்த ஓலைச் சோற்றுக்கட்டியான கேத்துப்பாட்டைக் கொண்டுவந்த காமாரியாவிடம் வாசித்துக் காட்டினேன். அப்ப கேட்டுச் சத்தம் இல்லையா அண்ணே அது என்றார்.

இனி எழுதுவதற்குத்தான் இந்தக் கடிதம்.

கீழ்வீட்டுக்கு லோகேஸ்வரன் என்று ஒருவர் குடிவந்திருக்கிறார். போன வாரம் காலை பத்து மணிக்குப் பழகிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டி, அண்ணே, நைட் ஷிப்டு முடிஞ்சு வந்தேன், கொஞ்சம் நிப்பாட்டுங்க லா என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கோ உடம்பெல்லாம் கூசிப்போனது. சரி தம்பி என்றேன். பெட்டியை மூடினேன். அலமாரி மேலே, அது இருந்த அதே இடத்தில் வைக்கக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

பாகான் டாலாம் வாடகை வீடு ஞாபகம் இருக்கிறதா? நான் அப்போது பிறை ஊரில் இரவு ஷிப்டு வேலை. நீ வாசித்துக்கொண்டிருந்தாய். நிப்பாட்டு லா, மனுஷன் தூங்க வேணாமா என்று அறையிலிருந்து கத்தினேன். நீ பெட்டியை மூடி அலமாரி மேலே வைத்தாய். இருபத்தொன்பது வருடம். அடுத்த வருடமே இரவு ஷிப்டு போய்விட்டது, வீடு மாறியது, அந்தப் பெட்டியும் நம்மோடு அலமாரி விட்டு அலமாரி மாறியது. எடுத்து வாசியேன் என்று ஒருநாள்கூட நான் சொன்னதில்லை. உனக்கு ஆசை விட்டுப்போனது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கீழே போனேன். எத்தனை மணிக்குத் தம்பி எழுந்திருப்பீங்க என்று கேட்டேன். நாலு மணிக்கு எழுந்துருவேன், நாலரைக்கு மேல எவ்வளவு வேணும்னாலும் வாசிங்க அண்ணே என்றார். அவ்வளவுதான். இரண்டு நிமிடப் பேச்சு. படி ஏறி வரும்போது எனக்கு அழுகை வந்தது. அன்று நான் ஒரு நேரம் சொல்லியிருந்தால் போதுமே. நேரம் சொல்வதற்குப் பதிலாக நிறுத்தச் சொன்னேன். என்னை மன்னித்துவிடு, ஜெகா. இதை முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவருக்குத் துணை தேவைப்பட்டால் இரு, நான் குறை சொல்லமாட்டேன். தேவையில்லை என்றால், இங்கே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். பெட்டி இப்போது ஹாலில், சன்னல் பக்கத்து மேசைமேல் இருக்கிறது. இனி அது மேலே ஏறாது. தினமும் நாலரை முதல் ஐந்தரை வரை உன்னுடைய நேரம். ஐந்தரைக்கு மேல் நான் என் கேட்டைத் திறந்து மூடிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. நீ வாசிக்கும் அந்த ஒரு மணி நேரம் நான் கீழே காப்பிக்கடையில் போய் உட்காரட்டுமா, இல்லை வீட்டிலேயே ஒரு மூலையில் இருந்து கேட்கலாமா? இதற்குப் பதில் எழுத வேண்டாம். வந்து சொல்.

உன்,
தயாளன்