நம் தோப்பில் இறங்கிய நீலவரியன்கள்

கொல்லங்கோடு,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் செல்வப்பிரியாவுக்கு அம்மா ராமாத்தாள் எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம், மாடு கன்றுகளும் சுகம். நீயும் அந்த வெளிநாட்டுக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் விளக்கு வைக்கும்போது என் வேண்டுதல். இங்கே நடந்ததைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அப்பா பிடுங்கிக்கொண்டு நடுவிலிருந்து ஆரம்பிக்கிறார், நீயும் ஆய்வுக்கூடத்துக்கு ஓடுகிற அவசரத்தில் சரிம்மா சரிம்மா என்கிறாய். போன வாரம் நீ கேட்டதற்கும் நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். பகல் சுருங்கும் இருட்டு மாதங்கள் மறுபடி வருகின்றன, இதோடு ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டாயே கண்ணு. இப்போது சொல்ல நிறைய இருக்கிறது, அதனால்தான் மதியச் சமையலைக்கூட அப்பா தலையில் கட்டிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தென்னந்தோப்பில் ஊடுபயிராக நேந்திரன் வாழை வைப்பது என்று அப்பா முடிவு செய்தது உனக்குத் தெரியும். மண்ணுக்கு உரமாகட்டும் என்று அதற்கு முன்னால் தோப்பு முழுக்கச் சணப்பை விதைத்திருந்தோம். அது இடுப்பளவு வளர்ந்து மஞ்சளாகப் பூவெடுத்ததும் டிராக்டரை விட்டு அப்படியே மடக்கி உழுதுவிட வேண்டும், விட்டுவைத்தால் தண்டு நாராகி மண்ணில் மக்காது. இன்னொரு பக்கம் ஐப்பசி மழை கனத்துவிட்டால் நம் கரிசலில் டிராக்டர் இறங்கவே முடியாது, கன்று வைப்பது தள்ளிப்போனால் அடுத்த ஓணத்துக்குக் குலை வராது. வாழைக்கன்றுகள் வேறு வந்து களத்தில் குவிந்துகிடந்தன. பூபதிராஜாவிடம் டிராக்டர் சொல்லியாகிவிட்டது. இந்த நிலைமையில் ஒருநாள் காலையில் நான் மாட்டுக்குப் புல்லறுக்கத் தோப்புக்குள் போனேன். மஞ்சளாக இருக்க வேண்டிய சணப்பை கறுப்பாக இருந்தது. பக்கத்தில் போய்க் கிளையைத் தொட்டேன் பார், மொத்தமும் எழும்பியது! பட்டாம்பூச்சி, பிரியா, அத்தனையும் பட்டாம்பூச்சி. கறுப்பு இறக்கையில் வெளிறிய நீலக் கோடு கோடாக, என் தலையில், தோளில், அரிவாள் பிடியில்கூட வந்து உட்கார்ந்தன. தென்னை ஓலையிலெல்லாம் கொத்துக்கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா வந்து பார்த்து, முதலில் பயந்துதான் போனார். "இதென்ன புள்ள, பூச்சி அடிச்சுப்போச்சா, வாழைக்கும் வருமா?" என்றுதான் கேட்டார்.

அன்றைக்கே பத்து மணி வாக்கில் ஒரு பெண் இந்தப் பூச்சிக் கூட்டத்தைத் தேடிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பெயர் லிஜி, திருச்சூர்ப் பக்கத்துப் பிள்ளை, உன்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். பருவம் மாறும்போது இந்தப் பூச்சிகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மலையாளத்தில் நீலக்கடுவா, தமிழில் நீலவரியன் என்று அவள்தான் பெயர் சொன்னாள். மலையில் பெருமழை பிடிப்பதற்கு முன்னால் கிழக்கே சமவெளிக்குப் பறந்துவிடுமாம், கிழக்கே மழை தொடங்கும் ஐப்பசியில் மறுபடி மலைக்குத் திரும்புமாம். அப்படித் திரும்புகிற வழியில்தான் நம் தோப்பில் இறங்கியிருக்கின்றன. இதுகளுக்கு யார் நாள் பார்த்துச் சொல்வது என்று கேட்டேன். அதுதான் அம்மா யாருக்கும் இன்னும் முழுசாகத் தெரியவில்லை, பகல் குறைவதா, காற்று திரும்புவதா, ஈரமா என்று தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாள். எனக்கு உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. வெளிச்சம் கூடினால் மனுஷனுக்குத் தூக்கம் எப்படி, இருட்டினால் மனசு எப்படி என்று நீ அளக்கிறாயே, என் மகளும் இதைத்தான் படிக்கிறாள், பூச்சிக்குப் பதிலாக மனுஷனை வைத்து என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பிள்ளை கண்ணை அகலமாக்கிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் விஷயம் அங்கேதான் சிக்கியது. "அண்ணா, ஒரு வாரம் மதி, உழண்ட" என்று, பூச்சிகளுக்கு அடையாளம் போட ஒரு வாரம் போதும், அதுவரை உழ வேண்டாம் என்று அப்பாவிடம் கெஞ்சினாள். அப்பா வானத்தைக் காட்டினார். "அம்மிணி, உங்களுக்கு ஒரு வாரம், எனக்கு அது ஒரு வருசமுங்க. மழை எறங்கிப்போச்சுன்னா ஓணத்துக்கு வாழக்கொலை வெட்ட முடியாது. பூச்சி பறந்துபோயிரும், நான் எங்க போறது?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் லிஜி பக்கம் பேசினேன், ஏனுங்க இரண்டு நாளாவது பொறுக்கக் கூடாதா என்று அவள் எதிரிலேயே கேட்டுவிட்டேன், அதில் அவருக்குக் கோபம். சாயங்காலம் கிழக்கே இடி உருட்டியது, அவர் களத்தில் நின்று கன்றுகளையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் பூபதிராஜா டிராக்டரோடு வந்துவிட்டான். லிஜி அதற்கு முன்பே வந்து வரப்பில் நின்றிருந்தாள், தடுக்கவில்லை, அழுதுவிடுவாள் போல முகம். டிராக்டர் தோப்புக்குள் இரண்டு தென்னை தூரம் போயிருக்கும், புகைக்கும் சத்தத்துக்கும் அத்தனை பூச்சியும் கிளம்பி ஒரே நீலமாகிவிட்டது, முன்னால் வழியே தெரியவில்லை. பூபதிராஜா எஞ்சினை அணைத்துவிட்டான். "ஏனுங்ண்ணா, இதுக மேல எப்பிடியுங்க ஏத்தறது, என்னால ஆகாதுங்க" என்று கீழே இறங்கிவிட்டான். அப்பா, டிராக்டர் மடக்கிப்போட்டிருந்த கொஞ்சம் செடியைப் பார்த்தபடி நின்றார். பார்க்கப் பார்க்க, எழும்பிய பூச்சிகள் நிற்கிற செடிக்குப் போகாமல் மடங்கிக்கிடந்த செடிமேலேயே இறங்கின. லிஜியிடம் கேட்டார். அவள் சொன்னாள், இவை தேனுக்காக மட்டும் சணப்பைக்கு வருவதில்லை அண்ணா, ஆண் பூச்சிகள் தண்டையும் இலையையும் சுரண்டிச் சாறு குடிக்கும், அதிலிருந்துதான் பெண் பூச்சியைக் கவரும் வாசனையை உண்டாக்கிக்கொள்ளும், பச்சையைவிட வாடிய செடி என்றால் இன்னும் பிரியம் என்று. கல்யாண வீட்டுக்கு அத்தர் பூசிக்கொண்டு வருகிற மாப்பிள்ளைகள் மாதிரி என்று நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "வாடுனதுதான் வேணுமா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன அம்மிணி!" என்று சத்தம் போட்டுவிட்டு அரிவாளை எடுத்துவிட்டார். அவளுக்கும் அதுவரை தோன்றவில்லை, அவருக்கும் தெரியாது, இரண்டு பேரும் சேர்ந்தபோதுதான் வழி பிறந்தது.

அப்புறம் பார்க்க வேண்டுமே! அப்பா, நான், லிஜி, பூபதிராஜா, பக்கத்துத் தோட்டத்து நர்மதா எல்லோரும் சேர்ந்து சணப்பையில் ஒரு பகுதியை அறுத்துத் தெற்கு வரப்பு நெடுக, மரநிழல் படாத இடமாகப் பார்த்துக் குவித்தோம். வெயில் நல்ல வெயில், மத்தியானத்துக்குள் துவண்டுவிட்டது. முதலில் ஒன்றிரண்டு வந்தன. வராமல் போனால் என்ன செய்வது என்று நான் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன். பிறகு சாரை சாரையாக, நடுத்தோப்பை விட்டு வரப்புக்கு வந்து, குவியல் கண்ணுக்கே தெரியாதபடி மூடிவிட்டன. பூபதிராஜா வடக்கு மூலையிலிருந்து மெதுவாக உழுதுகொண்டு வந்தான், அப்பா டிராக்டருக்கு முன்னால் ஓலையை ஆட்டிக்கொண்டே நடந்து, மிச்சம் இருந்தவற்றைக் கிளப்பிவிட்டார். உழுது முடித்து டிராக்டர் ரோட்டில் ஏறியதும் மழை பிடித்தது, என்ன மழை! அப்பா நனைந்துகொண்டே நின்று சிரித்தார். எங்கள் கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த சில நாள் காலை வேளைகளில் லிஜி குறி போட்டாள். இறக்கையை மூடினாற்போல இரண்டு விரலுக்குள் மெல்லப் பிடித்து, நீலம் உள்ள இடத்தில் மெல்லிய பேனாவால் கொல்லங்கோட்டுக்கு ஓர் எழுத்தும் பக்கத்தில் எண்ணும் எழுதி விட்டுவிடுவது. எங்கேயாவது யாராவது பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். நானும் கற்றுக்கொண்டேன், கை நடுங்காமல் போடுகிறேன் என்று பாராட்டினாள். அப்பா தூர நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், மூன்றாம் நாள் வேட்டியை மடித்துக்கட்டி வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெரிய விரலுக்குள் பூச்சி நசுங்கிவிடுமோ என்று லிஜி பயந்தாள், ஒன்றுகூட நசுங்கவில்லை. பிறகு ஒருநாள் மழை விட்டு வெயில் அடித்ததும் கூட்டமாக எழும்பித் தென்மலைப் பக்கம் போய்விட்டன. தோப்பு வெறிச்சென்று ஆகிவிட்டது.

அன்றைக்கு லிஜி நம் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னாள், இதுவரை எத்தனையோ ஊரில் குறி போட்டிருக்கிறேன் அம்மே, ஒன்றுகூட மறுபடி கண்ணில் பட்டதில்லை, இந்த வருஷமும் இல்லையென்றால் வேறு வேலை பார்க்கச் சொல்லி வீட்டில் சொல்கிறார்கள் என்று. நீ சொன்னதையே கேட்கிற மாதிரி இருந்தது பிரியா. இருட்டு மாதத்தில் வந்து தூக்கத்தை அளக்கக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வெயில் காலத்தில் திரும்பி வரவில்லை, எல்லாம் வீண் என்றாயே. நான் அவளுக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய முடியும்.

இப்போது கேள். முந்தாநாள் மத்தியானம் ஸ்கூட்டர் சத்தம், லிஜி செருப்போடு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள், மூச்சு வாங்குகிறது, போனை நீட்டுகிறாள். மலைமேல் இருக்கும் மறையூரில் அவளோடு படித்த வினோ என்று ஒரு பையன் வேலை பார்க்கிறான். அங்கே கரும்புக்காட்டு வரப்பில் தேள்கொடுக்குச் செடியில் ஒரு நீலவரியன் உட்கார்ந்திருந்ததாம், இறக்கை ஓரம் கிழிந்துபோய், ஆனால் குறியோடு. படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். எழுத்து நம்முடையதுதான், எண்ணில்தான் ஒரு குழப்பம், நாலா ஒன்பதா என்று அவனுக்கும் புரியவில்லை, லிஜிக்கும் புரியவில்லை. நான் பார்த்த உடனே கத்திவிட்டேன். காலை மடக்கிய நாற்காலி மாதிரி நாலு எழுதுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்தானே! ஏனுங்க, உங்க பூச்சி மறையூர் போயிருச்சுங்க என்று களத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன். அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். படத்தை வாங்கி, கண்ணாடி இல்லாமல் தூர வைத்துப் பார்த்து, கண்ணாடியோடு கிட்ட வைத்துப் பார்த்து, "என்ற கையெழுத்துத்தான், நான் போட்டதுதான்" என்றார், போனைத் திருப்பிக் கொடுக்கவே மனசில்லை. லிஜி என் தோளில் சாய்ந்து அழுதேவிட்டாள், நானும் அழுதேன், அப்புறம் ரவை வறுத்துக் கேசரி கிண்டினேன். டீக்கடையில் இதுவரை அப்பா இந்தக் கதையைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

அதனால் நீ கேட்டதற்கு என் பதில் இதுதான் கண்ணு. நீ எப்போது வந்தாலும் இது உன் வீடு, வருவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மனசு தாழ்ந்திருக்கிற இருட்டு மாதத்தில் முடிவு எடுக்காதே, அந்த மாதம் மனுஷன் மனசை என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். இன்னொரு வெயில் காலம் பார்த்துவிட்டு முடிவு செய். உன் அறையில் அந்த வெளிச்ச விளக்கைக் காலையில் போட மறக்காதே, டாக்டர் சொன்ன மாத்திரையை விட்டுவிடாதே, ரசப்பொடி தீர்ந்துவிட்டதா என்று சொல், அனுப்புகிறேன். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே.

குலதெய்வம் உன் கூடவே இருக்கட்டும், நீ எடுத்த வேலை உன் கையில் கூடிவரட்டும், நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இரு. ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே. வராமல் போன உன் ஆட்களில் ஒரே ஒருவர் திரும்பி வந்து கதவைத் தட்டினாலும், இங்கே என்ன மணி என்று பார்க்காமல் எங்களைக் கூப்பிடு. நான் கேசரி கிண்டுகிறேன், அப்பா டீக்கடைக்குப் போய்ச் சொல்லிக்கொள்வார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
தனபால் ராமாத்தாள்