நுரை வந்தால் ஹாரன்

ஜூலை 6, ஞாயிறு
அப்பாவும் வெங்கட் சித்தப்பாவும் இன்றும் தூண்டிலோடு போனார்கள். நானும். பாலத்துக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்திப் பத்துப் படி இறங்கினால் ஆறு. மேலே அணையில் ஷட்டர் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் வெள்ளை நுரை வரும். அதைப் பார்த்ததும் பைக் ஹாரனை அடிப்பது என் வேலை. ஒரே ஒரு ஜிலேபி மீன் மாட்டியது. "அண்ணா, உன் மூஞ்சியப் பாத்துட்டு மீனெல்லாம் கர்நாடகாவுக்கே திரும்பிப் போயிடுச்சு" என்றார் சித்தப்பா. அப்பா புழு டப்பாவை அவர்மேல் எறிந்தார்.

ஜூலை 13
இல்லை. எழுத முடியாது.

ஜூலை 15
சித்தப்பா நேற்றுதான் கிடைத்தார். ஆற்றில் மூன்று கிலோமீட்டர் தள்ளி, முள் புதரில்.

சரிதா சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹாரன் அடிச்சியா கண்ணு?" என்றாள்.

அப்பா சொன்னார்: "அவ அடிச்சா. ரெண்டு தரம் அடிச்சா. இன்னொரு மீனு பாத்துட்டுப் போலாம்னு நான்தான் அவன நிக்க வச்சேன்."

அதற்கப்புறம் சித்தி அப்பா முகத்தைப் பார்க்கவே இல்லை.

நான் அடிக்கவே இல்லை. அது அப்பாவுக்குத் தெரியும்.

ஜூலை 18
போர்வைக்குள் எழுதுகிறேன். சயின்ஸ் நோட்டின் கடைசிப் பக்கங்களை யாரும் பார்க்கமாட்டார்கள்.

அன்றைக்கு நுரை மூட்டை மூட்டையாக வந்தது. வெயில் பட்டு மின்னியது. ஸ்கூல் தோழி ஃபிசாவுக்கு அனுப்பலாம் என்று அம்மாவின் பழைய ஃபோனில் வீடியோ எடுத்தேன். எடுத்து முடித்ததும் அடிக்கலாம் என்றுதான் — நாற்பது விநாடிதான். தண்ணீர் அதற்குள் படி ஏறிவிட்டது. அப்பா மட்டும் மேலே வந்தார்.

வீடியோவை அழிக்கவும் முடியவில்லை. சித்தப்பா அதில் இருக்கிறார்.

ஜூலை 24
காரியம். "அவரு உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்றாள் சித்தி. அப்பா செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றார். சாப்பிடவில்லை.

வரும்போது பைக்கில் கேட்டேன், "ஏம்ப்பா அப்படிச் சொன்ன?"

அப்பா பைக்கை மெதுவாக்கினார். பிறகு, "நீ சின்னப் புள்ள. எத்தன வருஷம் இதத் தூக்கிட்டுத் திரிவ?"

ஆகஸ்ட் 1
நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 2
சொல்லவில்லை. சித்தி வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். என்ன பண்ணுவாங்க என்னை?

ஆகஸ்ட் 10, ஞாயிறு
"நான் ஹாரன் அடிக்கல சித்தி. இத எடுத்துட்டிருந்தேன்." ஃபோனைக் கொடுத்துவிட்டேன்.

சித்தி பார்த்தாள். நுரைக்கு இந்தப் பக்கம் சித்தப்பா சின்னதாகத் தெரிகிறார். மீனைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார், என்னைப் பார்த்து.

"இன்னொரு தரம் போடு" என்றாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். போட்டேன்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய்க் களி கிளறினாள். அப்பா முன்னால் தட்டை வைத்து, "சாப்பிடுங்க மாமா" என்றாள். அப்பா களியைக் கையில் பிடித்தபடியே அழுதார். அம்மாவுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.