கைநாட்டும் கையெழுத்துதான்

நர்ஸம்மாவுக்கு,

இன்று காலை வத்திராயிருப்பு பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் நின்றது. கண்டக்டர் இறங்கி, பின்னால் பொருத்திய உருளையில் கரியைக் கொட்டிக் கிளறினார். உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோல் தாராளமாக வரவில்லை. பஸ்கள் இன்னும் கரியில்தான் ஓடுகின்றன. அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்தது. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

செண்பகத்தோப்புக்கு மேலே ஓடை பிறக்கும் இடத்தில் இருந்த காட்டுத் துண்டை, கீழே வயலும் தோப்பும் வைத்திருந்தவர்கள் சேர்ந்து வாங்கினோம். மரம் நின்றால்தான் ஓடையில் தண்ணீர் நிற்கும் என்பதற்காக ஒரு சங்கம். ராஜபாளையத்தில் நிறைய நிலம் உள்ள ஒருவர் தலைவர். வக்கீல் குமாஸ்தாவான நான் காரியதரிசி. கணவர் விட்டுப்போன சிறு மாந்தோப்பின் பேரில் நீங்களும் உறுப்பினர். ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கும் உங்களைக் கூட்டங்களில் நான் அதிகம் கண்டதில்லை.

சண்டைக் காலத்தில் கரிக்குக் கிராக்கி வந்தது. ஒரு காண்டிராக்டர் வந்து கேட்டார். கமிட்டி ஏழு பேரும் கூடிப் பாதிக் காட்டை வெட்டிக்கொள்ளச் சம்மதித்தார்கள். தீர்மானத்தை எழுதியது நான். உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றார் தலைவர், நானும் சொல்லவில்லை. கரிமூட்டம் போட ஆள் எடுப்பதை, நீங்கள் பிரசவத்துக்குப் போன வீட்டில் கேள்விப்பட்டு, நேராக என் மேஜைக்கு வந்தீர்கள்.

“சங்கத்து விதிப் புஸ்தகம் உங்ககிட்டதான இருக்கு? செத்த நேரம் குடுங்க. இங்கயே படிச்சிட்டுத் தாரேன்.”

“தலைவரைக் கேக்காமக் குடுக்க முடியாதும்மா.”

“நான் உறுப்பினரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

கொடுத்தேன். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் பொதுக்கூட்டம் கூட்டியே தீர வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த விதியைப் பிரதி எடுத்தவன் நான்தான். யாராவது அதைப் பயன்படுத்துவார்கள் என்று நினைத்ததில்லை.

மருந்துப் பையோடு ஒரு காகிதத்தையும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனீர்கள். முதலில் கைநாட்டு வைத்தவர் செல்லையா; அவருடைய நான்கு பிள்ளைகளும் உங்கள் கையில் பிறந்தவர்கள். காகிதம் நிரம்பியதும் நான் ராஜபாளையத்துக்கு எடுத்துப் போனேன். தலைவர் புரட்டிப் பார்த்தார்.

“பாதி கைநாட்டா இருக்கு. விதியில கையெழுத்துன்னுதான் போட்டிருக்கு. தள்ளிருங்க.”

என் வக்கீலிடம் நிறைய வழக்குகள் கொடுத்துவந்த பெரிய கட்சிக்காரர் அவர். இருந்தாலும் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிறகு, “கைநாட்டு வச்ச பத்திரம் கோர்ட்டுல செல்லுதுங்க. கைநாட்டும் கையெழுத்துதான்” என்றேன். அதன்பின் தலைவர் என்னிடம் பேசவில்லை. வக்கீல் நிறையவே பேசினார்.

பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம் நடந்தது. காண்டிராக்டருக்குக் கொடுத்த சம்மதத்தை உறுப்பினர்கள் கையைத் தூக்கி ரத்து செய்தார்கள். கமிட்டியையும் மாற்றி, உங்களைத் தலைவராக்கினார்கள்.

அடுத்த ஆண்டு அதே கொட்டகையில் நீங்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தீர்கள். விறகுக்குப் போகும் பெண்கள் பச்சைக் கொப்பை ஒடிக்கிறார்கள், பாதையை அடைக்க வேண்டும் என்று. செல்லையா எழுந்தார்.

“நர்ஸம்மா, சுள்ளி பொறுக்குதவளுகளால காடு அழியாது. கோடாலி கொண்டு வந்தவனாலதான் அழிய இருந்துச்சு. அடுப்பெரிக்க அவளுக எங்க போவாளுக?”

கை தூக்கச் சொன்னீர்கள். எதிராகத்தான் அதிகம் எழுந்தது. என் கையும் அதில் ஒன்று. அதைக் கண்டீர்கள். “எழுதிக்கிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டீர்கள்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது, “மனசுல வச்சுக்கிடாதீங்கம்மா” என்றேன்.

“எனக்குப் பிடிச்ச மாதிரி தூக்குனாத்தான் கையா? அன்னைக்கு அவுக தூக்கலைன்னா இன்னைக்குக் காடே இல்ல” என்றீர்கள். கொஞ்ச தூரம் போய், “ஆனா ஒண்ணு, பச்சைக் கொப்ப ஒடிக்கத்தான் செய்யுதாக. நான் பார்த்தேன்” என்றீர்கள்.

மறுவாரமே அந்தப் பெண்களோடு மேலே ஏறி, எது காய்ந்தது, எது உயிரோடு இருக்கிறது என்று காட்டத் தொடங்கினீர்கள். அப்படிப் போய்வந்த ஒரு மழை நாளில் காய்ச்சல் பிடித்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள்.

பாதை திறந்தே இருக்கிறது. அதன் இருபுறமும் கொஞ்சம் மொட்டையாகிவிட்டது, ஓடை வற்றவில்லை. நீங்கள் சொன்னதும் சரி, செல்லையா சொன்னதும் சரி என்றுதான் இப்போது தோன்றுகிறது.

காரியதரிசி வேலையை நான் விடவில்லை. எல்லா உறுப்பினர் வீட்டுக்கும் போய், படிக்கத் தெரியாதவர்களுக்குக் கூட்டத்து நோட்டீஸை வாசித்துச் சொல்லிவிட்டு வருகிறேன். போன வாரம் நானே கொண்டுவந்த ஒரு தீர்மானம் தோற்றது. தோற்றதையும் என் கையாலேயே எழுதினேன். வீடு வந்து சேரும்வரை மனதில் ஒரு எரிச்சல் இருந்தது. அன்று உங்களுக்கும் இருந்திருக்கும். பக்கத்தில் நடந்து வந்தும் நான் அதைக் கேட்கவில்லை.