வெள்ளைக்கல் சூளை

கொழும்புத்துறை
2.2.2025

அன்பு மகள் கலாவுக்கு,

படங்கள் கிடைத்தன. தொலைபேசியில் நீ களிமண் கையோடு கதைக்கிறாய், பாதி விளங்குவதில்லை. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. கொன்வென்ரில் படித்தவளின் மகளுக்கு நான்கு வரி எழுத வராது என்று யாரும் சொல்லக் கூடாது.

கிண்ணம் சுடும் ராக்குச் சூளை என்று நீ சொன்னது ஒரு பழைய தார்ப் பீப்பாய், வெறும் பரல்தானா? அதையும் கரவெட்டியில் புகுந்த வீட்டில், உன் மாமியின் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாய். ஒரு படத்தில் மாமி நீண்ட குறட்டால் சிவந்த கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். அந்தக் குறடு உன் பிறந்தநாளுக்கு நான் கொல்லனிடம் சொல்லிச் செய்வித்தது. வீட்டுச் சட்டையோடு படத்துக்கு நிற்பதும் அழகில்லை.

நேற்று மருமகனோடு கதைத்தேன். "அம்மாவும் கலாவும் சூளையடியிலை" என்றார். எந்த அம்மா என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு வந்து அரை நாளில் போனவள் நீ. ஆகவே இங்கேயும் ஒரு சூளை கட்டுவிக்கிறேன். பரலில் அல்ல, கல்லில்.

அம்மா
குணலட்சுமி

கரவெட்டி
7.2.2025

அன்புள்ள அம்மா,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து மாமி "அச்சடிச்ச மாதிரி" என்றார்.

ராக்கு ஜப்பானிய முறை, பரல்தான் இதற்குச் சரி. உள்ளே வெப்பம் தாங்கும் பஞ்சு, கீழே காஸ் அடுப்பு. கிண்ணம் தணலாகச் சிவந்ததும் ஒருவர் மூடியைத் தூக்க, மற்றவர் அதைக் குறட்டால் எடுத்துச் சருகு நிறைந்த வாளிக்குள் வைத்து மூட வேண்டும். புகை பட்டுத்தான் நிறம் வரும். தனியே செய்ய முடியாது, அதனால்தான் மாமி.

கல் வேண்டாம். கட்டினாலும் நான் வரும்வரை மூட்டாதீர்கள். பள்ளிக்கூடத்தில் என் பரீட்சை மேற்பார்வை முடிந்ததும் நானும் மாமியும் வருகிறோம்.

கலா

கொழும்புத்துறை
10.2.2025

கலாவுக்கு,

"நானும் மாமியும்" என்று எழுதியிருக்கிறாய். நீ மட்டும் வா. ஒரு நாள் முழுக்க எனக்குத் தா. மூடியைத் தூக்க எனக்கும் கைகள் இருக்கின்றன.

சூளை முடிந்துவிட்டது. பழைய கிணற்றுக்கட்டின் வெள்ளைக்கல்லை மேசன் தியாகராசா செதுக்கி அடுக்கினார். கோயில் மாதிரி நிற்கிறது. வியாழன் நல்ல நாள். புது வீட்டுக்குச் செய்வதுபோல முதலில் பால் காய்ச்சி, பிறகு கரி போட்டு, ஊதும் மோட்டார் வைத்து, நாள் முழுக்க எரித்துப் பார்ப்பேன். பரலைவிட இது சூடேற வேண்டும்.

நீ எடுத்த அழைப்புகளுக்கு நான் வேண்டுமென்றுதான் பதில் சொல்லவில்லை.

அம்மா

கரவெட்டி
14.2.2025

அம்மா,

பரீட்சை மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது, மாமி இங்கே கொண்டுவந்து தந்தார்; தொலைபேசியையும் நீங்கள் எடுக்கவில்லை. வெள்ளைக்கல் நெருப்பில் வெடிக்கும், சுண்ணாம்பாகும், தண்ணீர் பட்டால் கொதிக்கும். நேற்றே எரித்திருந்தாலும் கிட்டப் போகாதீர்கள். என்னால் வெளியேற முடியவில்லை. மாமி இதைக் கையோடு கொண்டு வருகிறார்.

கலா

கொழும்புத்துறை
15.2.2025

அன்பு மகள் கலாவுக்கு,

வியாழனே எரித்தாயிற்று. பால் நன்றாகப் பொங்கியது. பிறகு சில கற்கள் வெடித்தன. நான் யாருக்கும் சொல்லவில்லை. நேற்றுச் சாம்பலைக் கழுவலாம் என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். கல் சீறியது. கண்முன்னே எல்லாம் பொரிந்து மாவாகிக் கொட்டியது. அந்த நேரம் படலையைத் திறந்து வந்த உன் மாமி என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். எனக்கு ஒன்றுமில்லை. சேலைக் கரைதான் வெந்தது.

சிரிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கேட்டார். குடித்தபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மச்சாள், நான் பெத்ததெல்லாம் ஆம்பிளையள். இவள் வந்தாள் எண்டு சந்தோசப்பட்டன். வாயைத் திறந்தால் எங்கடை அம்மா இப்பிடிச் செய்வா, எங்கடை அம்மா அப்பிடிச் செய்வா. களிமண்ணை மா மாதிரி ரெண்டு தரம் அரிக்கிறதும் உங்கடை முறைதானாம். எனக்குப் பத்தி எரியுது. அதுதான் அந்தக் குறட்டையாவது விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

நான் அவருக்கு இன்னொரு தேத்தண்ணி போட்டேன். பயற்றம் பணியாரமும் வைத்தேன். இப்படியொரு செய்தியை நீ எனக்கு ஒருநாளும் எழுதவில்லை.

ஆறிய சுண்ணாம்பைச் சாக்கில் கட்டி, மாட்டுக்கொட்டிலுக்கு வெள்ளையடிக்க என்று கொண்டுபோயிருக்கிறார். கெட்டிக்காரிதான்.

அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் கரவெட்டிக்கு வருகிறேன். பரலடியில் நிழலாகப் பார்த்து ஒரு கதிரை போடு. மாமி மூடியைத் தூக்கட்டும். குறடு என் கையில்.

உன்
அம்மா