சுபஹுக்குப் பிறகு காற்றைப் பார்க்க வந்தவர்கள்

டீச்சர், மையவாடி வாசலில் நின்று, அங்கே அடங்கியவர்களுக்குச் சொல்லும் அதே ஸலாத்தை இந்தக் கொப்பித் தாளிலும் சொல்லிக்கொள்கிறேன். எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. ‘ழ’ வரும்போது கை இன்னும் தயங்குகிறது. கோட்டில் நிற்க வேண்டியவை கோட்டை விட்டு இறங்கிவிடுகின்றன. கட்டு அவிழ்ந்த வள்ளங்கள் மாதிரி என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கை மட்டுமல்ல, ஆளே ஓரிடத்தில் நிற்கவில்லை.

இன்று திங்கட்கிழமை, சங்கத்தின் தளத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற அறிக்கை வரும் நாள். காலையில் செயலாளர் றிஸ்வி வந்து அந்தப் பழைய பிரிண்டரைப் போட்டார். அது சூடாகும்போது வரும் கருகல் வாசம் சங்கக் கட்டடம் முழுவதும் பரவியது. நான் உடனே உங்கள் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். எத்தனை திங்கட்கிழமைகள் அந்த வாசத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தீர்கள்! “பத்து மணிக்குத்தான் வரும் மாமா, ஓடித் திரியாம இரிங்க” என்று சொல்லிவிட்டு றிஸ்வி கரைக்குப் போய்விட்டார். இரண்டு தரம் தேத்தண்ணி போட்டேன், இரண்டும் ஆறிப் போயின. முற்றத்தில் நின்ற கழுதைகளைக் காரணமில்லாமல் விரட்டினேன். பிறகுதான் இந்தக் கொப்பியை எடுத்தேன்.

எனக்கு ஏன் இத்தனை தவிப்பு என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்ல, உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதிப் பார்த்தால்தான் நடந்தது நடந்ததாக எனக்கு இப்போது தோன்றுகிறது. இது புதிதாக வந்த பழக்கம்.

மீனவர் சங்கத்தின் இணையத்தளத்தில் ‘நாளைக் காற்று’ என்ற பக்கம் உங்களுடையது. வானொலியில் வாசிக்கும் கடல் வானிலையைக் கேட்டு, நம் கரைக்கு உரியதை மட்டும் எடுத்து, எங்களுக்கு விளங்கும்படி நாலு வரி எழுதுவீர்கள். சோளகக் காற்று எப்போது எழும்பும், களப்புக்குள் போகலாமா, வெளிக்கடலுக்கு இறங்கலாமா என்று. “பென்சன் எடுத்த பிறகு ஏன் டீச்சர் உங்களுக்கு இந்தக் கரைச்சல்?” என்று தலைவர் ஒருநாள் கேட்டார். நீங்கள் நிமிராமலே சொன்னீர்கள்: “தொண்ணூறில எங்கள வெளியேத்தின நேரம், மன்னாரில இருந்து நாங்க வள்ளத்தில வந்தது. அண்டைக்குக் காத்து என்ன செய்யும் எண்டு சொல்ல ஒரு ஆளும் இருக்கல்ல.” அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

நான் கட்டடத்தின் கதவுத் திறப்பு வைத்திருப்பவன், தேத்தண்ணி போடுபவன்; றிஸ்விக்கு மாமா, உங்களுக்கும் தலைவருக்கும் மூத்தவன் என்பதால் ‘நானா’. கண் மங்கிக் கடலை விட்ட பிறகு கிடைத்த வேலை அது. வெள்ளி பின்னேரங்களில் நீங்கள் பெரியவர்களுக்கு எழுத்துப் படிப்பித்தபோது, கதவு திறக்க வந்தவன் போலக் கடைசி வாங்கில் இருந்தேன். நீங்களும் ஒன்றும் தெரியாதவர் போல எனக்கு முன்னால் ஒரு கொப்பியை வைத்துவிட்டுப் போனீர்கள்.

முதல் அறிக்கை வந்த நாள் நினைவிருக்கிறதா? நம் தளத்தை யார் திறந்தாலும், அது இருக்கும் சேர்வர் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும் என்றும், அந்த வரிகளையெல்லாம் படித்துக் கணக்குச் சொல்ல ஒரு மென்பொருள் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னீர்கள். தாள் வெளியே வந்தது. எண்ணைப் பார்த்த தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

“உலகமே நம்மட காத்தைப் பாக்குது! நானா, எல்லாருக்கும் மஸ்கட் வாங்கிட்டு வாங்க.”

கடைக்குப் போய் அந்த இனிப்பை வாங்கி வந்தேன். நீங்கள் மட்டும் சாப்பிடவில்லை. தாளை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒருவர் பக்கத்தைத் திறந்தால் அதில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி வரி விழுகிறது, அதனால் ஓர் ஆள் பத்து ஆளாகத் தெரிகிறது என்றீர்கள். மிச்சத்தில் பாதி, ஊர் ஊராய்த் தளங்களை மேய்ந்து திரியும் ரோபோக்கள். இன்னொரு பங்கு நீங்களேதான், எழுதியது சரியா என்று திறந்து திறந்து பார்த்தது. ஒவ்வொன்றாக விலக்கும்படி மென்பொருளுக்குச் சொன்னீர்கள். அடுத்த திங்கள் தாள் மெலிந்து வந்தது.

“நல்லா இருந்ததை ஏன் டீச்சர் கெடுத்தீங்க?” தலைவரின் முகம் தொங்கிப்போயிற்று.

“பொய்க்கு மஸ்கட் திண்டீங்க. உண்மைக்கு பால் இல்லாத பிளேன்டி குடிங்க” என்றீர்கள்.

ஆனால் அந்த உண்மையிலும் ஒரு பிழை இருந்தது. இரவு பதினொன்றரை தாண்டி, நாள் தவறாமல், ஒரே இணைய முகவரியிலிருந்து மளமளவென்று பக்கம் திறபட்டது. “அந்த நேரத்தில காத்துப் பாக்கிறது யாரு, ஜின் பிசாசா?” என்று நான் கேட்டேன். “பொய்ப் பேரில வாற ரோபோவும் இரிக்கி நானா” என்று அந்த முகவரியையும் விலக்கிவிட்டீர்கள். அதன் பிறகு அறிக்கையில் சொல்லத்தக்க ஆட்களே இல்லை. கொழும்பில் இருந்து இரண்டு பேர், கட்டாரில் இருந்து யாரோ. ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “கடலுக்குப் போற ஒருத்தரும் பாக்கல்ல. இந்த மாசத்தோட நிப்பாட்டுவம்” என்றீர்கள். நான் குவளையைக் கழுவிக்கொண்டு நின்றேன். அறிக்கை எண்ணுவது வாசிப்பவர்களை, என்னைப் போலக் கேட்பவர்களை அல்ல என்று நினைத்திருந்தேன்; நான் தினமும் விடியப் போய் இருக்கும் இடத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதே எனக்கு விளங்கியிருக்கவில்லை.

நிப்பாட்டுவதற்கு முன் எல்லாப் பதிவையும் ஒருமுறை பார்ப்போம் என்று விலக்கியவற்றையும் திறந்தீர்கள். அன்றுதான் என்னைக் கூப்பிட்டீர்கள்.

“நானா, இங்க வாங்க. இந்த ரோபோ நேரம் மாறுது.”

“மெஷினுக்கும் சோம்பலா?”

“இல்ல. போன மாசம் வந்த நேரத்துக்கு இந்த மாசம் வரல்ல. கொஞ்சம் கொஞ்சமா நகருது. மெஷின் எண்டா மணிக்கூட்டைப் பாத்து வரும். இது சூரியனைப் பாத்து வருது.”

“அப்ப ஜின்தான்.”

“பகிடி விடாம அந்தக் கலண்டரைக் கழட்டித் தாங்க.”

சுவரில் தொங்கிய தொழுகை நேரக் கலண்டரைத்தான் கேட்டீர்கள். சேர்வர் இருப்பது வெளிநாட்டில், அது எழுதுவது அந்த நாட்டு நேரம், அதோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும் என்றீர்கள். எனக்குக் கூட்டத் தெரியாது என்றேன். “விரலை நீட்டுங்க” என்றீர்கள். நீட்டினேன். பதினொன்றரையில் தொடங்கி என் விரல்கள் மேல் எண்ணிக்கொண்டே போனோம். விடிய ஐந்து மணியில் வந்து நின்றோம். சுபஹ் தொழுது ஆட்கள் வெளியே வரும் நேரம்! கலண்டரில் சுபஹ் எந்தப் பக்கம் நகர்ந்ததோ, அந்த வரிகளும் அதே பக்கம் நகர்ந்திருந்தன.

“பள்ளிக்குப் பக்கத்தில யார்ட இணைப்பு நானா?”

“தேத்தண்ணிக் கடையில ஒண்டு இரிக்கி. எல்லாரும் அதிலதான் போனைப் பாக்கிற.”

“ஒரு முகவரி. ஆள் எத்தனை?”

“கரைக்கு இறங்குற எல்லாரும்தான். வாசிக்கத் தெரிஞ்சவன் சத்தமா வாசிப்பான். மத்தவன் பிளேன்டியோட கேப்பான்.”

“நீங்களும் கேட்டீங்களா?”

“ஒவ்வொரு நாளும்.”

நீங்கள் கலண்டரை மடியில் வைத்தீர்கள். பிறகு, “இரிந்திரிக்காங்க நானா. நான்தான் என்ட கையால அவங்கள அழிச்சிட்டேன்” என்றீர்கள். அழுதீர்களா சிரித்தீர்களா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. காற்றுப் பக்கத்தை நிப்பாட்டவில்லை. அன்று மாலையே நேரத்தைத் திருத்தி, விலக்கியதை மீட்டு, மென்பொருளின் அமைப்புக் கோப்பில் தமிழில் ஏதோ எழுதினீர்கள். வரியின் முன்னால் # என்று வேலி மாதிரி ஓர் அடையாளம் போட்டீர்கள். அதைப் போட்டால் மென்பொருள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும் என்று சொன்னீர்கள்.

“மெஷின் வாசிக்காட்டி யாருக்கு எழுதுறீங்க?”

“பின்னால வாற ஆளுக்கு.”

பெருநாளுக்கு முதல் கிழமை புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை. மையவாடியிலிருந்து நாங்கள் மட்டும் திரும்பி வந்தோம்.

இப்போது எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வருகிறேன். காற்று எழும்பிவிட்டது. மணி இன்னும் பத்தாகவில்லை.

உங்களுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் நீங்கள் கடைசியாக எழுதிய நாலு வரி அப்படியே கிடந்தது; நானும் கடை வாங்குக்குப் போவதை விட்டுவிட்டேன். இதற்கிடையில் தளத்தை வேறொரு சேர்வருக்கு மாற்றினார்கள். மென்பொருளும் புதிதாகப் போடப்பட்டதால் உங்கள் திருத்தங்கள் ஒன்றும் அதில் இல்லை. போன கூட்டத்தில் றிஸ்வி அறிக்கையைத் தூக்கிக் காட்டினார்.

“பகல்ல ஆளே இல்ல. ராவில ரோபோ மட்டும்தான். காத்துப் பக்கத்தை எடுத்திடுவம்.”

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. “நேரத்தைத் திருத்தினீங்களா?”

கழுதை கதைத்ததைக் கேட்டவர்கள் போல எல்லோரும் திரும்பினார்கள். ஆனால் றிஸ்வி நல்ல மனிதர். உங்கள் பழைய கோப்பைத் தேடித் திறந்து, கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். நான் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன்.

# சேர்வர் சொல்வது வெளிநாட்டு நேரம். நம் நேரத்துக்கு மாற்றவும்.
# படங்களை எண்ண வேண்டாம்.
# இது தேத்தண்ணிக் கடை. ரோபோ அல்ல. ஒருபோதும் விலக்க வேண்டாம்.
# இது நம் கட்டடத்தின் முகவரி. நம்மை நாமே எண்ணக் கூடாது.

டீச்சர், உங்கள் குரலை நான் கண்ணால் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வாசிக்க வாசிக்க றிஸ்வி ஒவ்வொன்றாகப் புதியதில் போட்டார். மென்பொருள் பழைய பதிவுகளை மறுபடி படிக்கும்படி செய்தார். சுபஹ் திரும்பி வந்தது. நீங்கள் போன பிறகும், ஒவ்வொரு விடியலிலும், கடையிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். அதே பழைய நாலு வரி. இன்றைக்காவது மாறியிருக்குமா என்று பார்த்திருக்கிறார்கள்.

கடைசியில் தலைவர், “பக்கம் இரிக்கட்டும். ஆனா எழுதுறது யாரு?” என்றார்.

“நான் எழுதுறேன்.”

“நானா, நீங்க ஒரு வரி எழுதி முடிக்க, கடல் ஏறி இறங்கிடுமே!”

நல்ல சிரிப்பு. நானும் சிரித்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்து மஃரிபுக்கு அதான் சொல்லும்போதுதான் முடிந்தது. ‘நாளை விடியக் காற்று குறைவு. களப்புக்குள் போகலாம். பத்து மணிக்குப் பிறகு சோளகம் கடுமை. சிறு வள்ளங்கள் அதற்குள் கரைக்கு வரவும்.’ றிஸ்வி தானும் வானொலியைக் கேட்டுச் சரிபார்த்தார். பிறகு நானே ஒரு விரலால் தட்டி ஏற்றினேன். கிழமை முழுவதும் அப்படித்தான். அந்த எழுத்துக்கு ஆள் வந்ததா என்று சொல்லப்போவது இன்றைய தாள். தவிப்பு ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

வந்துவிட்டது டீச்சர். பேனையை வைத்துவிட்டு ஓடினேன், இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறேன். எண்ணைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் முற்றத்துக் கழுதைகள் ஓடிவிட்டன. முதல் அறிக்கையைப் போலவே கொழுத்த எண்! தலைவருக்குப் போனில் கோல் எடுத்தேன். மஸ்கட் வாங்க ஆள் அனுப்பச் சொன்னேன். றிஸ்வி கரையிலிருந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு நமட்டுச் சிரிப்பு.

“மாமா, இதில பெரும்பங்கு ஒரே ஆள்.”

“ஆரு அது?”

“நீங்க.”

கட்டடத்துக்கு எடுத்த புது இணைப்புக்கு வேறு முகவரி. நாங்கள் விலக்கியிருந்தது பழையதை. யாராவது பார்த்தார்களா, பார்த்தார்களா என்று கிழமை முழுவதும் கட்டடத்தில் இருந்து என் போனில் நான் திறந்த ஒவ்வொரு தடவையும் தாளில் வந்து நிற்கிறது. வெட்கமாக இருந்தது. அதற்குள்ளேயே ஒரு சந்தோசமும் இருந்தது, மறைக்கமாட்டேன். கடை வாங்கில் கேட்டுக்கொண்டிருந்த காலம் முழுவதும் எந்தத் தாளிலும் விழாதவன் நான். இப்போது தாள் முழுக்க நானே.

“ஒரு நாளைக்கு ஒரு தரம் மட்டும் என்னை விட்டு வைக்கேலாதா?” என்று றிஸ்வியிடம் கேட்டேன். அவர் கோப்பில் உங்கள் கடைசி வரியைக் காட்டினார். ‘நம்மை நாமே எண்ணக் கூடாது’ என்று நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். புது முகவரியைப் போட்டு என்னை விலக்கினோம். தாள் மெலிந்தது. ஆனால் விடியல் ஐந்து மணிக்குப் பக்கத்தில் அந்த வரிகள் இருந்தன. போன கிழமையைவிட ஒவ்வொரு விடியலிலும் பக்கம் கொஞ்சம் கூடுதலான தடவை திறபட்டிருக்கிறது. என் எழுத்துப்பிழைகளை விளங்க இரண்டாம் தரம் திறந்திருப்பார்கள் என்கிறார் றிஸ்வி. இருக்கலாம். மஸ்கட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிளேன்டி குடித்தோம்.

நீங்கள் தந்தவற்றில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கடைசி வரி. கூடவே ஒரு கள்ளத்தனமும் வந்திருக்கிறது, உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாளையிலிருந்து கட்டடத்தில் பக்கத்தைத் திறக்கமாட்டேன். சுபஹ் தொழுதுவிட்டுக் கடை வாங்கில் போய் இருந்து, போனை எடுத்து, அந்த நாலு வரியையும் சத்தமாக வாசிக்கப்போகிறேன். அங்கே நான் எழுதியவன் அல்ல, காற்றுப் பார்க்க வந்தவர்களில் ஒருவன். அதை விலக்க உங்கள் கோப்பில் வரி இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். அடுத்த திங்கள் சுபஹ் வரிசையில் ஒன்று கூடியிருந்தால் அது யாரென்று றிஸ்விக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதைவிட நேரான கையெழுத்தில் எழுதுகிறேன்.