ஒருவேளைக்கு இரண்டு வேளை

தாராவி, பம்பாய்
22-6-1986

அன்பு மகள் சைனபுக்கு உம்மா நூர் நிஷா சொல்லச் சொல்லத் தம்பி சலாவுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு மேசை விசிறி இன்று முதல் தலையாட்டுவதை நிறுத்திக்கொண்டது. அதன் கழுத்துத் திருகை இறுக்கி உம்மாவின் முகத்துக்கு நேராக நிறுத்தியாகிவிட்டது. வாப்பாவுக்கும் எனக்கும் காற்று வேண்டுமென்றால் உம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சிந்தியதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த செய்தி. அங்கே நீயும் மச்சானும் பிள்ளையும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள், இங்கே வாப்பா சுகம், நான் சுகம், உம்மா கோபம். எழுத்துப் பிழை இல்லை ராத்தா, உம்மா சுகம் என்று எழுதப்போன என் கையைப் பிடித்து, கோவம்னு எழுதுல, அப்பத்தான் அவளுக்கு வெளங்கும் என்று உம்மாவே சொன்னது.

கோபத்துக்கு முதல் காரணம் நீ. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது, கட்டியை மாரோடு சேர்த்து எடுத்தாயிற்று, பிறகு எதற்கு அந்த மாத்திரை, ஜித்தாவில் பக்கத்து வீட்டுக்காரி அதைத் தின்று ஊதிப்போய்விட்டாள், நிறுத்திவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். உம்மா என்னை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் தரம் முடிந்ததும், இவ ஜித்தாவுல இருந்துக்கிட்டு எனக்கு வைத்தியம் சொல்லுதாளாக்கும், எப்படிம்மா இருக்கிய, என்ன செய்யுதுன்னு ஒரு வரி கேட்டாளால, நிறுத்துன்னு தந்தி அடிக்கா என்று எழுந்து போய், சவ்வரிசி டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் கவிழ்த்தாள். சவ்வரிசியோடு சவ்வரிசியாக வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள். நோன்பு பிறை பார்த்த நாளிலிருந்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை. இவ சொல்லி நான் நிறுத்தல, அவ சொல்லுததுக்கு முன்னாலேயே நானே நிறுத்தியாச்சுன்னு எழுது என்றாள். எழுதிவிட்டேன்.

போன கடிதத்தில் நான் உனக்குப் பெருமையாக எழுதியிருந்தேனே, உம்மாவின் மாத்திரை இலாகா என் வசம், காலை ஒன்று மாலை ஒன்று, கடிகாரம் தப்பினாலும் சலாவுதீன் தப்பமாட்டான் என்று. அதில் பொய் இல்லை. விடியுமுன் சகர் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று என்று நான்தான் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன், தண்ணீரும் நான்தான் கொடுத்தேன். விழுங்கினாளா என்று வாயைப் பிளந்து பார்க்க நான் என்ன மாட்டுத் தரகனா? மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டே என்னிடம் பேரீச்சம்பழம் கேட்ட உம்மா அல்லவா அவள்.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். அது ஹராமான மாத்திரையாம்ல, மார்க்கத்துல கூடாததாம், ராபியா சொன்னா, அதையும் தின்னுட்டு நோன்பும் பிடிக்கவா என்றாள். ராபியா மாமியை உனக்குத் தெரியும், நம் சந்தில் மூன்றாவது வீடு, குழாயடி வானொலி நிலையம். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாயங்காலமே குழாயடிக்குப் போனேன். இருபது குடம் வரிசையில் நிற்கிறது. மாமி, நீங்க டாக்டருக்குப் படிச்சது எந்தக் குழாயில, எங்கும்மாவுக்குத் திரும்ப அந்த நோவு வந்தா நீங்க வந்து அறுப்பியளா என்று நான் போட்ட சத்தத்தில் வாப்பாவின் பட்டறையில் பை தைக்கிற மெஷின் நின்றுபோனது. ராபியா மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாதிக் குடத்தோடு போய்விட்டாள். உம்மாகூட, இன்னைக்குத்தான் எனக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்திருக்கான்னு தெரிஞ்சுது என்றாள். புலி என்றும் சொன்னாள், நானாகச் சேர்க்கவில்லை.

ஆனால் ராபியா மாமி சொன்னது மட்டும்தான் காரணம் என்று நினைக்காதே. மீதிக் காரணத்தைச் சொல்ல வந்த இடத்தில் உம்மா என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போனால் யார் எழுதுவது என்றேன். அப்போ காதைப் பொத்திக்கிட்டு எழுது என்றாள். காதைப் பொத்த இரண்டு கை வேண்டும், எழுத ஒரு கை வேண்டும், ஆண்டவன் எனக்கு அந்த அளவுக்குத் தாராளம் காட்டவில்லை. ஆகவே பாதிக் காதில் விழுந்ததை எழுதுகிறேன், நீயும் பாதிக் கண்ணால் படித்துக்கொள். மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதத்திலிருந்து உம்மாவுக்கு வழக்கமாக வரவேண்டியது நின்றுவிட்டது. காலையில் குமட்டல் வேறு, இடுப்பும் பெருத்துவிட்டது. மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் பெண்கள் நோன்பு விட வேண்டும், வராததால் இந்த வருஷம் முப்பது நோன்பும் ஒரு நாள் விடுபடாமல் பிடித்தாள். எந்த வீட்டுப் பெண் எத்தனை நோன்பு விட்டாள் என்பது குழாயடிக்குத் தெரியாமல் இருக்குமா, நோன்புக்கு முன்பே இடுப்பைப் பார்த்துக் குசுகுசுத்தவர்கள் இப்போது, நூர் நிஷா, எத்தனை மாசம் என்று கேட்டே விட்டார்கள். நாப்பத்தி நாலு வயசுல, ஒரு மாரு இல்லாதவளைப் பார்த்துக் கேக்குதாளுவ, சிரிக்கவும் செய்யுதாளுவ என்று சொல்லும்போது உம்மாவின் முகம் சிவந்துவிட்டது. கோபத்தினாலா, மாத்திரையை நிறுத்தியும் மிச்சம் நின்ற சூட்டினாலா என்று தெரியவில்லை.

அந்தச் சூட்டைப் பற்றியும் எழுதச் சொல்கிறாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை நெஞ்சுக்குள் யாரோ அடுப்பை ஊதிவிட்ட மாதிரி ஏறி முகம், காது, உச்சி எல்லாம் கொதிக்குமாம், உடனே வேர்த்து ரவிக்கை பிழிகிற பதமாகிவிடுமாம், பிறகு குளிர் எடுக்குமாம். காலில் நரம்பைச் சுருட்டி இழுக்கிற குரக்கு வலி. தொட்டதற்கெல்லாம் எரிச்சல், எரிச்சல் போனதும் அழுகை. நிறுத்தி இரண்டு வாரத்தில் இதெல்லாம் பாதியாகக் குறைந்து, நோன்பு வைத்துக்கொண்டே ஒரு மனுஷியாக நடமாடினாளாம். நான் கத்தினேன், மனுஷியாக நடமாடி என்ன செய்ய, அந்த நோய் திரும்ப வந்தால் என்று. அவள் அதைவிடப் பெரிதாகக் கத்தினாள். உங்க எல்லாருக்கும் நான் உசுரோட இருந்தாப் போதும், எப்படி இருக்கேங்கிறது எவனுக்கும் வேண்டாம், மகளுக்கு நான் ஊதாம இருக்கணும், மகனுக்கு நான் சாகாம இருக்கணும் என்றாள். வாப்பா பட்டறையிலிருந்து எட்டிப்பார்த்து, ரெண்டு பேரும் இங்க கத்துனது போதும், வியாழக்கிழமை டாக்டரம்மாட்ட போய்க் கத்துங்க என்றார்.

போனோம். டாக்டரம்மா மராட்டிக்காரி, இந்தியில் பேசுவாள், நடுவில் நான். மாத்திரையை நிறுத்திய கதையைக் கேட்டதும் அவளுக்கும் கோபம், அதை எழுபது பேர் காத்திருக்கிற இடத்தில் என்மீது காட்டினாள். உம்மாவின் உடம்பே சுரக்கிற ஒரு சத்துதான் அந்த நோய்க்குத் தீனியாம், மாத்திரை அந்தத் தீனியை நோயின் வாய்க்குப் போகவிடாமல் மறிக்கிறதாம், உடம்புக்கும் அது கிடைக்காததால்தான் இந்தச் சூடும் மற்றதும். ஹராமா என்று உம்மா கேட்கச் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். தொழிற்சாலையில் ரசாயனத்தில் செய்வது, எந்தப் பிராணியும் அதில் இல்லை, யார் சொன்னது என்று டாக்டரம்மா அதட்டினாள். ராபியா என்று உம்மா பதில் சொன்னாள், டாக்டரம்மாவுக்கு ராபியாவைத் தெரியும் என்பதுபோல. பிறகு உம்மா கேட்டாள், நான் ரெண்டு வருஷம் இதைத் தின்னா அது திரும்ப வராதா என்று. டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தாள். ஷாயத் என்றாள். அப்படின்னா என்று உம்மா என்னைப் பார்த்தாள். ஒருவேளை வராமலிருக்கலாம் என்றேன். உடனே உம்மா, அப்போ ஒருவேளைக்காக நான் ரெண்டு வேளை விழுங்கணுமாக்கும் என்றாள். வீட்டில் வார்த்தையைப் பிரித்து விளையாடுகிறவன் நான் ஒருவன்தான் என்று இருந்தேன். இதை இந்தியில் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புரிந்ததும் டாக்டரம்மா சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஆமாம், அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது, விழுங்குகிறவர்களில் திரும்ப வருகிறவர்கள் குறைவு, உங்களுக்கு வராது என்று என்னால் எழுதித்தர முடியாது என்றாள். குமட்டாமல் இருக்க இரண்டையும் சேர்த்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னாள். சூடு சில பேருக்குப் போகப்போகக் குறையும், சில பேருக்குக் குறையாது. தாங்க முடியாவிட்டால் என்னிடம் வந்து சொல், ஒளிக்காதே என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உம்மாவுக்குச் சூடு ஏறிவிட்டது. வெளியே மழை. ஜன்னலைத் திறந்தாள், ஆறு பேர் நனைந்து இந்தியிலும் மராட்டியிலும் கத்தினார்கள், உம்மா அத்தனை பேருக்கும் தமிழிலேயே பதில் கொடுத்தாள், ஜன்னலை மூடவில்லை. நனைந்த முகத்தோடு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறாள். அந்த ஒருவேளை என்னோடது. விழுங்குதது நான், வேர்க்குதது நான். செப்டம்பர்ல அடுத்த சோதனை, அதுவரைக்கும் விழுங்குதேன். அப்பவும் தாங்கலேன்னா டாக்டரம்மா மொகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு நிறுத்துவேன். நிறுத்துன்னும் நிறுத்தாதேன்னும் எவரும் எனக்குக் காயிதம் போட வேண்டாம். அன்றிரவே இரண்டையும் போட்டுக்கொண்டாள், என்னை அழைத்து வாயைத் திறந்தும் காட்டினாள்.

உனக்கும் ஒன்று சொல்லச் சொன்னாள். குளிக்கும்போது கையால் தடவிப் பார்க்க வேண்டும், கட்டி மாதிரி எதுவும் தட்டுப்பட்டால் தன்னைப் போல வெட்கப்பட்டு ஆறு மாதம் மூடி வைக்காமல் அன்றைக்கே மச்சானிடம் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பல் முளைத்த போட்டோ அனுப்பு. நீயும் மச்சானும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் பரக்கத்தோடும் இருக்க அல்லாஹ்விடம் ஐந்து வேளையும் துஆ கேட்கிறாளாம், இந்தக் கோபத்தோடேதான் கேட்கிறாளாம். மறக்காமல் அடுத்த கடிதத்தின் முதல் வரியில் உம்மா எப்படி இருக்கிறாய் என்று கேள். குர்ஆன் ஓதத் தெரிந்த அரபி எழுத்தில் கீழே அவளே கையெழுத்துப் போடுகிறாள்.

نور نساء
(உம்மா)

ராத்தா, மடிக்கிற இந்த ஓரத்தில் இருப்பது உம்மா சொன்னது இல்லை. நோன்புக்கு நாலு நாள் முன்னால் குழாயடியில் ராபியா மாமி, உங்கும்மா திங்குதது என்ன மாத்திரைல என்று அக்கறையாகத்தான் கேட்டாள். ஹார்மோன் மாத்திரை என்று சொல்லியிருக்கலாம். நான் ஹராமோன் மாத்திரை மாமி, பேருலேயே ஹராம் இருக்கு என்றேன். எல்லாரும் சிரிப்பார்கள் என்று பார்த்தேன், ஒருத்தரும் சிரிக்கவில்லை. அது நம் சந்து முழுக்கச் சுற்றிவிட்டு உம்மாவின் காதுக்கு மார்க்கச் சட்டமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் அத்தனை பேர் நடுவில் கத்தியபோது, நீதானல சொன்ன என்று மாமி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. புலி என்று உம்மா சொன்னபோது நானும் சொல்லவில்லை. இப்போது போய் உம்மாவிடம் சொல்லிவிட்டு, அவள் விட்டுவைத்தால் மாமி வீட்டுக்கும் போகப்போகிறேன். சொன்ன பிறகு உறை ஒட்டக் கை இருக்குமோ என்னவோ, ஆகவே முதலில் இதை ஒட்டிவிடுகிறேன்.

சலாவுதீன்