நீ சொன்ன அதே 180

நர்ஸம்மாவுக்கு,

வேலைக்குப் போனவன் எழுதிய சீட்டு வீட்டில் எப்படி என்று பதறாதே. எனக்கே இன்னும் அதிர்ச்சி அடங்கவில்லை. காலையில் டிப்போவில் டிரைவர்களுக்குத் திடீர்ப் பரிசோதனை. எனக்கு பிரஷர் 180-க்கு 110. நேற்று மாலை நர்ஸிங் பரீட்சைப் பயிற்சிக்காக என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி நீ சொன்ன அதே கணக்கு! "கை இப்படி நடுங்கினா தப்பாத்தான் வரும், நாளைக்கு ஃபெயில்தான்" என்று சிரித்தேன். நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

டாக்டரிடம் அதைச் சொன்னேன். "உங்க வீட்டம்மா சரியாத்தான் அளந்திருக்காங்க. நீங்க இன்னைக்கு பஸ்ஸைத் தொடவே கூடாது" என்றார். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருப்பேனே!

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்; பழைய சீட்டை எடுக்க வந்தேன். ராத்திரி எப்போது எழுந்து படித்தாயோ, புத்தகத்தின் மேலேயே தூங்குகிறாய். எழுப்ப மனம் வரவில்லை. கண்டக்டர் துணைக்கு வருகிறார். என் பின்னால் ஓடி வராதே. இருபது வருஷம் கழித்து எழுதப்போகும் முதல் பரீட்சை, எழுதிவிட்டே வா.

எட்டு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். சாப்பாடு மேஜையில் மூடியிருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

மறந்துவிட்டேன்: கை நடுங்கினாலும் நீ தப்பாக அளக்கவில்லை. நேற்றே இதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.